உங்களுக்குத் தெரியுமா? மிஷன் பள்ளியிலிருந்து விடைபெறும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு

பிப்ரவரி பிறந்துவிட்டால் தமிழ்நாட்டு மிஷன் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கால் தரையில் பாவாது. குரூப் போட்டோவுக்கு நாள் குறிப்பார்கள். ஆட்டோகிராப் நோட்டு கை மாறிக்கொண்டே இருக்கும். பிரிவு உபசார விழாவில் மெழுகுவத்தியை ஏற்றிப் பதினொன்றாம் வகுப்பின் கையில் கொடுப்பார்கள். ஹால் டிக்கெட் தரும் நாளில் ஃபாதரோ குருவானவரோ ஜெபம் செய்வார். திருநீறு பூசிய பிள்ளையும் தொப்பி போட்ட பிள்ளையும் சேர்ந்து கண்ணை மூடி நிற்கும்.

ஆறாம் வகுப்பில் சேர்ந்து ஏழு ஆண்டுகள் ஒரே வளாகத்தில் வளர்ந்த பிள்ளைகள், மணியையும் பெஞ்சையும் காலைப் பாட்டையும் பற்றியே பேசிப் பிரிவார்கள். அந்த மணிக்கும் பெஞ்சுக்கும் பாட்டுக்கும் முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு. அதில் பலர் பட்ட பாடும் உண்டு. இந்த முறை நம் பகுதி முழுவதும் அந்த வகுப்புக்காக.

கடைசி வகுப்பு

நீங்கள் விடைபெறும் பிளஸ் டூ, பள்ளிகளுக்குப் புதிது. தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978இல் வந்தது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்தது 1980இல். அதற்கு முன்பு பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டுப் பி.யூ.சி. படிக்கக் கல்லூரிக்குப் போய்விடுவார்கள். உங்கள் தாத்தா இதே பள்ளியில் படித்திருந்தால், உங்களைவிட ஓர் ஆண்டு முன்னதாகவே இந்த வாசலைத் தாண்டியிருப்பார்.

எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு சென்னை மாகாணத்தில் தொடங்கியது 1911இல். அதற்கும் முன்பு பள்ளி முடிப்பவர்கள் சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய மெட்ரிகுலேஷன் தேர்வை எழுதினார்கள்.

தேர்வே எழுதாமல் பிளஸ் டூ தேறிய வகுப்பு ஒன்று உண்டு. 2021இல் கொரோனாவால் பொதுத்தேர்வு ரத்தானது, எல்லோரும் தேர்ச்சி. அவர்களுக்குப் பிரிவு உபசாரமும் இல்லை, குரூப் போட்டோவும் இல்லை. அந்த அண்ணன்மார், அக்காமார் யாராவது பள்ளிப் பக்கம் வந்தால் உங்கள் விழாவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள்.

மணலில் தொடங்கியது

தரங்கம்பாடியில் 1706 ஜூலையில் கப்பலிலிருந்து இறங்கிய சீகன்பால்க், தமிழ் கற்க உட்கார்ந்த இடம் சிறுவர்களின் பள்ளி. வயதான உள்ளூர் ஆசிரியர் ஒருவரிடம், பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித்தான் அ, ஆ கற்றார். மிஷன் பள்ளியின் கதை மாணவனாக உட்கார்ந்த ஒரு பாதிரியாரிடம் தொடங்குகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

மறு ஆண்டே, 1707இல், அவர் பெண் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி வைத்தார். அவர் இறந்தபோது வயது 36. அதற்குள் தமிழ் அச்சுக்கூடம், புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பு, எருசலேம் ஆலயம் எல்லாம் எழுந்துவிட்டன.

சென்னை செயின்ட் ஜார்ஜ் பள்ளியின் வேர் 1715இல் இருக்கிறது. கோட்டைக்குள் தூய மரியாள் ஆலயத்தை ஒட்டி ஏழைப் பிள்ளைகளுக்காக வைத்த தருமப் பள்ளி அது.

கிளாஸ் லீடர் என்ற பதவி உலகில் பரவியதில் சென்னைக்குப் பங்கு உண்டு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எழும்பூரில் 1789இல் தொடங்கிய ஆண் அநாதைகள் விடுதிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பொறுப்பேற்றார். அவரிடம் இருந்த ஆசிரியர்கள் புதுமுறை எதற்கும் இணங்கவில்லை. ஒருநாள் குதிரையில் போகும்போது, நம் ஊர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். திரும்பி வந்து, 8 வயதுச் சிறுவன் ஒருவனிடம் சின்னப் பிள்ளைகளுக்கு அகரவரிசை கற்பிக்கும் வேலையை ஒப்படைத்தார். பையன் ஆசிரியர்களைவிட நன்றாகக் கற்பித்தான். படித்த பிள்ளை படிக்காத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த வழியை 1797இல் லண்டனில் நூலாக அச்சிட்டார் பெல். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் கொடுத்த பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றே பெயர்.

நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் காலங்காலமாக இருந்தான். வாத்தியார் இல்லாத நேரத்தில் அவன்தான் பாடம் கேட்பான், வருகை பார்ப்பான். பெல் கண்டதாக உலகம் கொண்டாடும் முறையில் அந்தச் சட்டாம்பிள்ளைக்கும் பங்கு உண்டு என்றே நான் சொல்வேன். கடைசி பெஞ்சுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துத் தேற வைத்த பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், அந்தப் பிள்ளையும் அதே மரபு.

பெஞ்சு

சென்னை கிறித்தவக் கல்லூரிப் பள்ளி 1835இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் சிறு பள்ளியாகத் தொடங்கியது. 1837இல் ஜான் ஆண்டர்சன் பொறுப்புக்கு வந்தார். தொடக்க ஆண்டுகளிலேயே சோதனை வந்தது. தாழ்த்தப்பட்ட சமூகச் சிறுவர்கள் சிலர் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், அவர்களை வெளியேற்ற வேண்டும் என்று மற்றப் பிள்ளைகளின் வீட்டார் நின்றார்கள். ஆண்டர்சன் மறுத்தார். பள்ளி காலியானது. அவர் அசையவில்லை. போன பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள். அந்தத் தாழ்த்தப்பட்ட சமூகச் சிறுவர்கள் இடத்தைவிட்டு எழவில்லை.

எல்லா மிஷன் பள்ளியும் இப்படி நின்றது என்று எழுதினால் அது பொய்யாகும். தரங்கம்பாடி, தஞ்சைச் சபைகளில் சாதிக்கு ஓர் இடம் என்ற வழக்கம் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று எழுதியபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் பெருங்கூட்டம் எதிர்த்து வெளியேறியது. நண்பன் தோளில் கைபோட்டபடி நீங்கள் உட்கார்ந்த பெஞ்சு இத்தனை சண்டைக்குப் பிறகு வந்த பெஞ்சு. சண்டை இன்னும் எல்லா ஊரிலும் முடியவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

சீருடை

நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1819இல் அங்கு வந்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியில் மார்த்தா அம்மையார் பெண்களுக்குப் பள்ளியும் விடுதியும் நடத்தி, அதில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் காலத் திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி இருந்தது. அது ஒழிந்தது 1855இல்தான். அவருடைய மாணவியரில் அடிமைப் பெண்களும் இருந்தார்கள். லேஸ் விற்ற கூலியைச் சேர்த்து, தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கினார்கள்.

அதே வட்டாரத்தில் மிஷன் பள்ளிக்குப் போன பெண்கள் ரவிக்கை போட்டதற்காகத் தெருவில் தாக்கப்பட்டார்கள். மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டு கலவரம் நடந்தது. நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்ற அரசாணை 1859 ஜூலை 26ஆம் தேதி வந்தது. சீருடை கசக்கிறது என்று ஒருநாள் அலுத்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் ஊர்ப் பாட்டிமாரின் பாட்டிமாருக்கு உடுத்துவதே போராட்டமாக இருந்தது.

மார்த்தா அம்மையாரின் மகள் எலிசா மணந்தது ராபர்ட் கால்டுவெல்லை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைக் கணவர் எழுதிய இடையன்குடியில், மனைவி பெண்கள் பள்ளியும் லேஸ் வகுப்பும் நடத்தினார்.

உடுவில்

யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரி 1824இல் ஹாரியட் வின்ஸ்லோ தொடங்கியது. ஆசியாவிலேயே பெண்களுக்கான முதல் விடுதிப் பள்ளி என்று சொல்லப்படுவது அது. எழுத்துக் கற்ற பெண்ணை யார் கட்டுவார்கள் என்று ஊர் கேட்ட காலம். தெல்லிப்பழை மிஷன் வீட்டுக்குத் தையல் பழக வந்த இரண்டு சிறுமிகள் பெருமழையில் வீடு திரும்ப முடியாமல் அங்கேயே சாப்பிட்டுத் தங்க நேர்ந்தது. பெண்கள் விடுதிக்கு வித்து அந்த மழைதான் என்று யாழ்ப்பாணத்தில் கதை சொல்வார்கள்.

எலைசா அக்னியூ என்ற பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் பிறந்தவர். 1840இல் தனியாளாக யாழ்ப்பாணம் வந்து, உடுவில் பள்ளியை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நடத்தினார். இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அவரிடம் படித்தார்கள். தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறை. ‘ஆயிரம் புதல்வியரின் தாய்’ என்றே அவரை அழைத்தார்கள். அம்மாவுக்கும் பாடம் எடுத்த டீச்சர் எனக்கும் எடுத்தார் என்று நம் ஊர் கான்வென்ட் பிள்ளைகள் பெருமையாகச் சொல்வது உண்டு. ஆசிரியப் பணியில் அதைவிடப் பெரிய விருது இருப்பதாக நான் நம்பவில்லை.

யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளுக்கு அமெரிக்காவிலிருந்து ஆண்டுதோறும் பணம் அனுப்பியவர்கள், தாங்கள் தாங்கும் பிள்ளைக்குத் தங்கள் விருப்பப்படி பெயரும் வைத்தார்கள். கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை போன்ற பெயர்கள் வந்த வழி அது.

காலைப் பாட்டும் தமிழ் ஐயாவும்

அசெம்பிளியில் கர்நாடக ராகத்தில் கீர்த்தனை பாடியிருப்பீர்கள். அந்த மரபின் தலைமகன் வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்து, மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் தஞ்சையில் வளர்ந்து, இருபது வயதை ஒட்டியே ஆசிரியர் பொறுப்புக்கு வந்தவர். ‘பெத்லகேம் குறவஞ்சி’ அவருடையது. பாட்டில் அவ்வளவு உயரம் போனவர், சபைக்குள் சாதி வழக்கம் தொடர வேண்டும் என்று வாதிட்டவர்களின் பக்கமும் நின்றார். பாட்டைப் பாடும்போது இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்வதே நேர்மை.

சாயர்புரம் பள்ளியில் 1853இல் தமிழாசிரியராகச் சேர்ந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை அப்போது நாமம் தரித்த வைணவர். சேர்த்தவர் கால்டுவெல். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகே அவர் கிறித்தவரானார். கம்பனில் ஊறிய அவர் கைதான் பின்னாளில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ எழுதியது.

திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப், 1840களில் அதே சாயர்புரத்தில் பள்ளி நடத்தியவர். பிறகு ஊட்டியிலும், பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளியிலும் தலைமையாசிரியர். குறள் மொழிபெயர்ப்பு வெளிவந்தது 1886இல். திருவாசக மொழிபெயர்ப்பை 1900 ஏப்ரல் 24 அன்று, தம் 80ஆம் பிறந்த நாளில் முடித்துவைத்தார்.

அறிவியல் வகுப்பு

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரி 1823இல் தொடங்கியது. அதன் தலைவர் டேனியல் புவர் வானியல் கற்பித்தார். 1829 மார்ச்சில் வரவிருந்த சந்திர கிரகணத்துக்கு அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் ஒரு கணக்குச் சொன்னது. புவரின் கணக்கு நேரத்திலும் அளவிலும் வேறுபட்டது. ஊர் முழுக்க இதே பேச்சு. கிரகண இரவில் நிலவைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிபார்த்தார்கள். புவரின் கணக்கே நின்றது. சாஸ்திரியார் சாதாரண ஆள் அல்லர். யாழ்ப்பாணம் மதித்த பெரும் கணிதர். வகுப்பில் கேட்டதை வானத்தைப் பார்த்துச் சோதிக்கலாம் என்ற துணிச்சல் அந்த மாணவர்களுக்குப் பிடிபட்டது. உங்கள் பிராக்டிகல் நோட்டின் நோக்கமும் அதுவே.

பயாலஜி குரூப் பிள்ளைகளுக்கு: சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தவர், 1860களில் முழுக்கத் தமிழுக்கு மாறினார். உடற்கூறியல், மகப்பேறு, ரண வைத்தியம் என ஆயிரக்கணக்கான பக்கங்களை மாணவர்களோடு சேர்ந்து தமிழாக்கினார். தமிழில் மருத்துவம் படிக்க முடியுமா என்று இன்றும் கேட்கிறார்கள். கிரீன் கற்பித்த மானிப்பாயில் 150 ஆண்டுகளுக்கு முன்பே படித்து, வைத்தியமும் பார்த்தார்கள்.

கணக்குப் பிள்ளைகளுக்கு: கரோல் விசுவநாதபிள்ளை தமிழில் எழுதிய ‘வீசகணிதம்’ என்ற அல்ஜீப்ரா நூல் 1855இல் அச்சானது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர். இருவரும் வட்டுக்கோட்டை மாணவர்கள். ஒருவர் இதே விசுவநாதபிள்ளை. மற்றவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. ஏட்டில் மட்கிக்கொண்டிருந்த வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் அச்சில் ஏற்றியவர் அவரே. நீங்கள் தமிழ்ப் பாடத்தில் மனப்பாடம் செய்த கலித்தொகைப் பாட்டு உங்கள் கைக்கு வந்த பாதையில் ஒரு மிஷன் பள்ளி மாணவர் நிற்கிறார்.

எதிர்த்து நின்ற மாணவர்கள்

மிஷன் பள்ளிகளின் பெருமை அவற்றோடு ஒத்துப்போன மாணவர்களால் மட்டும் வந்ததில்லை. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணம் வெஸ்லியன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, பீட்டர் பெர்சிவலுக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணை நின்றார். 1848இல் அந்த வேலையை விட்டு, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அச்சுக்கூடம், வகுப்புக்கேற்ற பாடநூல், கால ஒழுங்கு என்று தாம் கற்ற கருவிகள் அனைத்தையும் சைவத்துக்காக ஏந்தினார். மாணவனுக்குக் கற்பித்த பிறகு அவன் எந்தப் பக்கம் போவான் என்பது ஆசிரியரின் கையில் இல்லை. கல்வி கல்வியாக இருந்தால் அப்படித்தான் இருக்கும்.

ராதாகிருஷ்ணன் படித்தது திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூர் ஊரீஸ் கல்லூரி, பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரி. இந்து சமயத்தைப் பற்றி வகுப்பில் கேட்ட கடும் விமர்சனமே தம்மை அதை ஆழ்ந்து கற்கத் தூண்டியது என்று அவரே எழுதியிருக்கிறார். அவருடைய பிறந்த நாளைத்தான் செப்டம்பர் 5 அன்று ஆசிரியர் தினமாகக் கொண்டாடிப் பூங்கொத்து கொடுத்தீர்கள்.

வ.உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் தூய சவேரியார் பள்ளியிலும் கால்டுவெல் பள்ளியிலும் படித்தவர். ஆங்கிலக் கப்பல் கம்பெனிக்கு எதிராகக் கப்பல் விட்டவர் அவர்.

அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் கன்னியர் சென்னைக்கு வந்தது 1842இல். அவர்களுடைய கான்வென்டில் பல ஆண்டுகள் கழித்துப் படிக்க வந்த மாணவி ஆர்.எஸ். சுப்புலட்சுமி, சிறு வயதிலேயே கணவனை இழந்தவர். கன்னியரின் தன்னலமற்ற உழைப்பு அவர் மனத்தில் பதிந்தது. 1911இல் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை. அடுத்த ஆண்டே இளம் விதவைகளுக்கு இல்லம் தொடங்கி, அவர்களைப் பள்ளிக்கு அனுப்பினார். மதம் மாறவில்லை. தம் பள்ளியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொண்டார். ஊர் அவரைச் ‘சகோதரி’ என்றே அழைத்தது.

இன்னும் சில பெயர்கள், வேகமாக

திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் விசாகப்பட்டினம் செயின்ட் அலோஷியஸ் பள்ளியில் படித்து, 11 வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். விஸ்வநாதன் ஆனந்த் எழும்பூர் டான் பாஸ்கோ. இந்திரா நூயி தியாகராய நகர் ஹோலி ஏஞ்சல்ஸ்.

அப்துல் கலாமை ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். வீட்டு நினைவில் வாடிய பையனுக்கு அங்கே அமைந்த ஆசிரியர் அய்யாதுரை சாலமன். ஆசைப்படு, அது நடக்கும் என்று நம்பு, நடக்கும் என்று எதிர்பார்த்திரு என்று அவர் கற்பித்ததைக் குடியரசுத் தலைவரான பிறகும் கலாம் மேடைதோறும் சொன்னார்.

அந்தப் பள்ளியின் பெயருக்குரிய ஸ்வார்ட்ஸ் 1798இல் தஞ்சையில் இறந்தார். அவரைத் தந்தையாகக் கருதிய சரபோஜி மன்னர், லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்கில் நினைவுச் சின்னம் செய்வித்தார். படுக்கையில் கிடக்கும் ஆசிரியரின் கையை மன்னர் பிடித்துக்கொண்டு நிற்கும் காட்சி அது. தஞ்சை சிவகங்கைப் பூங்கா அருகே உள்ள ஆலயத்தில் இன்றும் பார்க்கலாம். மாணவன் ஆசிரியருக்கு வைத்த நினைவுச் சின்னங்களில் தமிழ்நாட்டில் இதற்கு இணை நான் அறிந்தவரை வேறில்லை.

பாளையங்கோட்டை

‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு’ என்று பெயர் வாங்கிய ஊர். அங்கே பெண் கல்விக்கு அடையாளமாக விளங்கும் பெயர் சாரா டக்கர். அந்த அம்மையார் இந்தியாவைக் கண்ணால் கண்டதே இல்லை. உடல் நலிந்து இங்கிலாந்தில் இருந்தபடியே திருநெல்வேலிப் பெண்களுக்காக எழுதிப் பணம் திரட்டியவர்.

பார்வையற்றோருக்கான பள்ளியை ஆஸ்க்வித் அம்மையார் அங்கே 1890இல் தொடங்கினார். செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கு ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் 1895இல் தொடங்கினார். இரண்டும் இன்றும் நடக்கின்றன. இந்தப் பிள்ளைகளால் படிக்க முடியும் என்று அந்தக் காலத்திலேயே நம்பியவர்கள் இவர்கள். மிஷன் பள்ளிகள் செய்த வேலைகளில் முதலிடம் எதற்கு என்று என்னைக் கேட்டால் இதற்குத்தான் கொடுப்பேன்.

மைதானம்

பாஸ்கெட்பாலும் வாலிபாலும் ஒய்.எம்.சி.ஏ.வில் பிறந்த விளையாட்டுகள். முதலாவது 1891, அடுத்தது 1895. மிஷன் பள்ளி மைதானங்களுக்கு அவை சீக்கிரம் வந்து சேர்ந்ததற்கு அதுவும் காரணம். ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று சொல்லப்படுவது. உங்கள் பி.டி. மாஸ்டர் அங்கே படித்தவரா என்று கேட்டுப்பாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் தூய யோவான் கல்லூரியும் 1904 முதல் மோதும் கிரிக்கெட் போட்டிக்கு ‘வடக்கின் பெரும் போர்’ என்று பெயர். உண்மைப் போர் அந்த மண்ணில் பல ஆண்டுகள் நடந்தது. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுக்க ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது மாணவர்கள் புத்தகப் பையோடு தென்மராட்சிக்கு நடந்தார்கள். ஆவணங்களையும் பழைய படங்களையும் அப்படி இழந்த பள்ளிகள் பல. கிரிக்கெட் மறுபடி நடக்கிறது. லண்டனிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் பழைய மாணவர்கள் விமானம் ஏறி வருகிறார்கள்.

எல்லோருக்கும் பொதுவான கூரை

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் கிறித்தவர்கள் 6.12 சதவீதம். மிஷன் பள்ளி வகுப்பறைகளை நிறைப்பவர்களில் பெரும்பாலோர் பிற சமயப் பிள்ளைகள். சிறுபான்மையோர் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு தருகிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதமின்றிச் சமய போதனைக்கு யாரையும் உட்படுத்தக் கூடாது என்கிறது 28ஆம் பிரிவு. கிறித்தவப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும் நேரத்தில் மற்றவர்கள் நீதிபோதனை வகுப்பில் உட்கார்ந்தது இந்தக் காரணத்தால்தான்.

அரசு பணம் தர, தனியார் பள்ளி நடத்தும் உதவி பெறும் பள்ளி முறை 1854இல் வந்த சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கையிலிருந்து தொடங்குகிறது.

டி.சி. வாங்கப் போகும் நாளில்

இந்தப் பகுதியில் மிஷனரிகளின் பெயர்கள் நிறைய வந்துவிட்டன. லேஸ் விற்று விடுதலை வாங்கிய பெண்களின் பெயர் ஒன்றுகூட இதில் இல்லை. ஆண்டர்சன் பள்ளியில் எழாமல் உட்கார்ந்திருந்த சிறுவர்களின் பெயரும் இல்லை. எழுதி வைப்பவர்கள் யாரோ, அவர்களுக்கு வேண்டியவர்களின் பெயரே நிற்கிறது. உங்கள் பள்ளியில் அது நேரவிடாமல் நீங்கள் தடுக்கலாம்.

டி.சி. வாங்கப் போகும் நாளில் நூலகத்தில் இருக்கும் பழைய ஆண்டு மலர்களைக் கேளுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் போனில் படமெடுத்து, ஒரு பிரதியைத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். மணி அடிக்கும் அண்ணன், வகுப்பறை கூட்டும் ஆயா, போர்டிங் சமையல் அக்கா, கேட்டில் நிற்கும் தாத்தா ஆகியோரின் முழுப் பெயரையும், எந்த ஆண்டு வேலைக்கு வந்தார்கள் என்பதையும் அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். குரூப் போட்டோவின் பின்புறம் வரிசைப்படி எல்லோர் பெயரையும் எழுதுங்கள். நடுவில் படிப்பை விட்டுப் போன நண்பனின் பெயரையும், அவன் படத்தில் இல்லாவிட்டாலும் சேர்த்து எழுதுங்கள். தேர்வு முடிந்ததும் இந்த வேலையைச் செய்துவிடுங்கள். ஜூனில் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விடுவீர்கள்.